படவேலைக்கும் ஒரு கணக்குக் கொப்பி



வீட்டில் தையல் மெஷின் ஓடினால் அந்த வேலையை நீங்கள் ஒரு பார்வையிலேயே கணக்கிட்டுவிடுவீர்கள். மகள் இன்றைக்கு எத்தனை சட்டை வெட்டினாள், எத்தனை தைத்து முடித்தாள், எதற்குப் பொத்தான் வைக்க வேண்டும் என்பதெல்லாம் மேசை மேல் தெரியும். மருதமுனையில் தறியில் இருக்கும் பெண்ணின் உழைப்பையும் முழம் போட்டு அளந்துவிடலாம். ஆனால் கொம்பியூட்டருக்கு முன்னால் இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கும் மகளிடம், "என்ன வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். "எடிட்டிங்" என்பாள். "முடிந்துவிட்டதா?" என்றால், "ஒரு கரெக்‌ஷன் வந்திருக்கு உம்மா" என்பாள். மறுநாள் கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

எங்கள் வரிப்பத்தான்சேனை வயலை நம்பி வாழும் ஊர். இங்கேயே இன்று சில வீடுகளில் பெண்பிள்ளைகள் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறார்கள். பாட வீடியோ செய்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கான அசையும் படங்களும் செய்து கொடுக்கிறார்கள். சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் இன்னும் அதிகம். வீட்டுக்குள் இருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்கிறார்கள். உருவப் படங்கள் பற்றிய மார்க்கச் சட்டம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதை இங்கு நான் எடுக்கவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளைகள் செய்யும் வேலைக்குக் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு வேலை கொடுத்தவன் கையில் மட்டும் இருந்தால் போதாது. பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும்.

ஒரு செக்கனுக்கு இருபத்து நான்கு

அசையும் படம் என்பது உண்மையில் அசையாத படங்களின் வரிசை. சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன; நமது நாட்டுத் தொலைக்காட்சியில் 25. ஒன்றரை மணித்தியாலப் படம் ஒன்றுக்கு எத்தனை வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள். 1,29,600 படங்கள்!

இத்தனையையும் ஒரே நீளமாக யாரும் செய்வதில்லை. படத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறார்கள். இவற்றை "ஷாட்" என்பார்கள். ஒரு படத்தில் 1,200 ஷாட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் காட்சியைக் கோடுகளால் வரைய வேண்டும். பிறகு உருவங்களைச் செய்ய வேண்டும், அசைவு கொடுக்க வேண்டும், ஒளி கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், ஒலி பொருத்த வேண்டும். ஆறு படி என்றாலும் 7,200 வேலைகள் ஆகிவிடுகின்றன. ஒவ்வொன்றையும் ஒருவர் செய்ய, இன்னொருவர் பார்த்து, "இது சரியில்லை, திருத்து" என்று சொல்வார். திருத்திய பின் மறுபடியும் பார்ப்பார். இப்போது சொல்லுங்கள், எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது, எந்தப் படியில் நிற்கிறது என்பதை எந்த மனிதன் மனதில் வைத்திருப்பான்?

நம் வட்டையை நினைத்துப் பாருங்கள். மேல் வாய்க்காலில் தண்ணீர் திறந்தால்தான் கீழ் வயலுக்கு வரும். யாருக்கு எந்த நாள் தண்ணீர், யார் உழுது முடித்தார், யார் இன்னும் வரம்பு கட்டவில்லை என்பதையெல்லாம் வட்டவிதானை அறிந்திருக்க வேண்டும். அவர் கணக்குத் தவறினால் ஒரு வயல் மூழ்கும், இன்னொரு வயல் காயும். படவேலையும் அப்படித்தான். உருவம் செய்பவர் முடிக்காமல் அசைவு கொடுப்பவர் தொடங்க முடியாது. அசைவு முடியாமல் ஒளி கொடுப்பவர் சும்மா இருப்பார். ஒரு கை தாமதித்தால் பத்துக் கைகள் காத்திருக்கும்.

இந்த வட்டவிதானை வேலையைச் செய்வதற்கென்றே கொம்பியூட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஷாட்கன் என்பது அவற்றில் பெயர் பெற்றது. 2014இல் அதை ஆட்டோடெஸ்க் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. 2021இல் ஷாட்கிரிட் என்று பெயர் மாறி, 2024இல் புளோ புரொடக்‌ஷன் டிராக்கிங் என்று மறுபடியும் பெயர் மாறியது. பிரான்ஸ் நாட்டவர்கள் செய்த கிட்சு என்ற ஒன்றும் உண்டு. அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பிளெண்டர் என்ற இலவச அசைபட மென்பொருளைச் செய்பவர்கள் அம்ஸ்டர்டாமில் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார்கள். அவர்களும் இந்தக் கிட்சுவைத்தான் பாவிக்கிறார்கள்.

பெயர்கள் எப்படியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு பெரிய கொப்பிதான். ஒரு வரிக்கு ஒரு துண்டு. ஒரு நிரைக்கு ஒரு படி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம்: தொடங்கவில்லை, நடக்கிறது, பார்வைக்கு அனுப்பியாயிற்று, திருத்தம் வேண்டும், ஒப்புக்கொள்ளப்பட்டது. அனுப்பும் ஒவ்வொரு பிரதிக்கும் இலக்கம் உண்டு. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்பதும் பதிவாகும். வீடியோவை நிறுத்தி, குறிப்பிட்ட அந்தப் படத்தின் மீதே "இந்த இடத்தில் இதை மாற்று" என்று குறித்துவைக்கும் வசதியும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட பிரேம்.ஐஓ என்ற ஒன்றை 2021இல் அடோபி நிறுவனம் வாங்கியது. சென்னையில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் ஒரே கொப்பியைத் தத்தமது இடத்தில் விரித்துப் பார்க்கலாம்.

தமிழில் வந்த 'கோச்சடையான்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர்களின் அசைவுகளைக் கருவிகளால் பதிவு செய்து, அதைக் கொம்பியூட்டர் உருவங்களுக்குக் கொடுத்துச் செய்த படம் அது. அசைவுகளைப் பதிவு செய்தது லண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் ஸ்டூடியோவில். 2014 மே 9இல் வரும் என்று அறிவித்து, கடைசியில் மே 23இல் வெளிவந்தது. அசைவு ஒரு நாட்டில், உருவம் இன்னொரு நாட்டில், இசை வேறோர் இடத்தில் என்று செய்யும் வேலையை வாய்ப்பேச்சில் நடத்த முடியாது என்பதை விளங்கிக்கொள்ள இது போதும்.

பரிசு கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை

இனித்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

2012இல் 'லைஃப் ஆஃப் பை' என்ற ஆங்கிலப் படம் வந்தது. புதுச்சேரியில் தொடங்கும் கதை. படப்பிடிப்பில் ஒரு பகுதியும் அங்கேயே நடந்தது. கடலில் ஒரு படகில் பையனும் புலியும் இருப்பார்கள். அந்தப் புலி பெரும்பாலும் கொம்பியூட்டரில் செய்த புலி. செய்தது ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம். மும்பாயிலும் ஐதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. அந்தப் புலியின் ரோமம் நனைவதையும் உலர்வதையும் பார்த்து உலகமே வியந்தது. 2013 பெப்ரவரி 24ஆம் தேதி அந்த வேலைக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது.

ஆனால் அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அந்த நிறுவனம் கடனைத் தீர்க்க முடியவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பரிசு வழங்கிய மண்டபத்துக்கு வெளியே இத்தொழிலைச் செய்வோர் திரண்டு நின்று குரல் கொடுத்தார்கள். உள்ளே பரிசு வாங்கியவர் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியபோது வாத்திய இசை எழுந்து அவரது பேச்சை மூடியது.

இவ்வளவு திறமையுள்ளவர்களுக்கு ஏன் இந்தக் கதி? கொப்பி இல்லாமலா? துண்டுக் கணக்கு, படிக் கணக்கு எல்லாம் அவர்களிடம் இருந்தன. இத்தொழிலின் வழக்கம் வேறு இடத்தில் கோணலாக இருந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒரு தொகை பேசிவிடுவார்கள். பிறகு அங்கே மாற்று, இங்கே கூட்டு என்று திருத்தங்கள் வந்துகொண்டேயிருக்கும். திருத்தத்துக்குத் தனிக்கூலி கேட்டால் அடுத்த படம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுமோ என்ற பயம். தொகை நிற்கும், வேலை வளரும். எத்தனை பேரின் சம்பளத்தை எத்தனை மாதத்துக்கு இப்படித் தாங்க முடியும்?

சகோதரிகளே, அவ்வளவு பெரிய நிறுவனத்தைச் சாய்த்த இந்த நோய் நம் வீட்டு மேசைக்கும் வருகிறது.

"முதலாவதுதான் நல்லமாம்!"

என் சகோதரியின் மகள் இந்த வேலை செய்பவள். ஓரிடத்துக்கு நாலு நிமிட வீடியோ ஒன்று செய்து கொடுத்தாள். நாலு நிமிடம்தானே என்று எண்ணாதீர்கள். செக்கனுக்கு 25 என்றால் ஆறாயிரம் படங்கள்! கூலி முதலிலேயே பேசியாயிற்று. எழுத்தில் ஒன்றும் இல்லை. திருத்தங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் குரலாக வந்தன. ஒரு நாள் முதலாளி பேசுவார், மறுநாள் அவருடைய மச்சான் பேசுவார். "அந்த நடுவில வாற இடம் கொஞ்சம் உயிரில்லாமக் கிடக்கு" என்பார் ஒருவர். எந்த நடு? எந்த உயிர்? இவள் ஊகித்து ஊகித்து மாற்றினாள். கோப்புகளுக்கு அவள் வைத்த பெயர்களைப் பார்த்தேன்: பைனல், பைனல் இரண்டு, கடைசி பைனல், இதுதான் கடைசி.

பதினோராவது தரம் அனுப்பிய பிறகு ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்தாள்.

"என்ன மகள்?" என்றேன்.

"மாமா, பதினொரு தரம் மாத்திக் குடுத்திட்டன். இப்ப முதலாவதுதான் நல்லமாம்!"

"சரி, முதலாவதைக் குடு."

"அதுக்கு மேலயே மாத்தி மாத்திச் செய்திட்டன் மாமா. அது இப்ப இல்ல."

பேசிய கூலியில் பாதிதான் வந்தது. "நாங்கள் கேட்டது இதுவல்ல" என்று சொல்லிவிட்டார்கள். கேட்டது எது என்பதற்கு அவளிடமும் சான்று இல்லை, அவர்களிடமும் இல்லை. சான்று இல்லாத இடத்தில் பலம் உள்ளவன் சொல்வதே கணக்கு ஆகிவிடுகிறது. நட்டம் எப்போதும் கூலிக்காரர் பக்கமே சேரும்.

அதன் பிறகு அவள் விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்கவில்லை. போனிலேயே இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஷீட்டில் ஏழு நிரை போட்டாள். திகதி, என்ன கேட்டார்கள், யார் கேட்டார், வீடியோவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது செக்கன், பிரதியின் இலக்கம், அனுப்பிய நேரம், அவர்கள் தந்த பதில். குரலில் திருத்தம் வந்தால் அதை எழுத்தாக்கி, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று திருப்பி அனுப்புவாள். "ஆம்" என்று வந்தால்தான் கை வைப்பாள். பழைய பிரதியின் மேல் வேலை செய்வதை அடியோடு விட்டுவிட்டாள். 1, 2, 3 என்று இலக்கமிட்டு ஒவ்வொன்றையும் வைத்திருக்கிறாள். வேலை தொடங்குமுன் பாதிக் கூலி, பேசிய தொகையில் இரண்டு திருத்தம் அடக்கம், மூன்றாவதிலிருந்து தனிக்கூலி. இதையும் முதலிலேயே எழுதி அனுப்பிவிடுகிறாள்.

இதனால் வேலை கொடுப்பவர்கள் ஓடிவிடவில்லையா என்று கேட்பீர்கள். ஒருவர் இருவர் போனார்கள். மிஞ்சியவர்கள் பேசிய கூலியைக் கொடுக்கிறவர்கள். அதிலும் ஒரு புதுமை: திருத்தத்துக்குக் காசு உண்டு என்று தெரிந்ததும் அவர்கள் வீட்டில் நாலு பேரைக் கூட்டிப் பேசி, ஒரே தடவையில் ஒழுங்காகத் திருத்தம் சொல்கிறார்கள். எழுதுவதால் கூலிக்காரருக்கு மட்டும் அல்ல, வேலை கொடுப்பவருக்கும் புத்தி தெளிகிறது.

வீட்டில் இருந்த பிரதி

பிரதி வைப்பதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிக்ஸார் என்ற நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற படத்தைச் செய்துகொண்டிருந்த நேரம். 1998இல் ஒருவர் தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அழியத் தொடங்கின. நிறுத்துவதற்குள் படத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை.

அப்போது கேலின் சஸ்மன் என்ற பெண் அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தார். குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். அதற்காகப் படத்தின் பிரதி ஒன்று அவருடைய வீட்டுக் கொம்பியூட்டரில் இருந்தது. அதைப் போர்வைகளால் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பெரிய நிறுவனத்தின் இயந்திரங்கள் கைவிட்ட இடத்தில், பிள்ளைப்பேற்று வீட்டில் இருந்த பிரதி கை கொடுத்தது! ஆகவே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: முடித்த வேலை ஒரே இடத்தில் இருக்கலாகாது. ஒன்று கொம்பியூட்டரில், இன்னொன்று தனி டிஸ்க்கில். மாதம் ஒரு தடவை அந்த இரண்டாவதைத் திறந்து, ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கொப்பியில் இல்லாத வரி

அதே படத்தில் இன்னொரு சம்பவமும் நடந்தது. கதை சரியில்லை என்று கண்டு, பெரும்பகுதியை மறுபடி செய்ய முடிவெடுத்தார்கள். 1999 நவம்பரில் வெளியிட வேண்டும் என்ற நாள் மட்டும் மாறவில்லை. இருந்தது ஒன்பது மாதம். இரவு பகலாக வேலை நடந்தது. படம் முடியும்போது வேலை செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வரும் கை, மணிக்கட்டு உபாதை ஏதோ ஓர் அளவில் இருந்தது.

அந்த நாட்களில் ஒரு தகப்பன் காலையில் தன் கைக்குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் விட வேண்டியிருந்தது. வேலையின் களைப்பில் அதை மறந்து நேரே வேலைக்குப் போய்விட்டார். குழந்தை வெயிலில் நின்ற காருக்குள்! தாயும் அங்கேயே வேலை செய்பவர். சில மணித்தியாலத்துக்குப் பிறகு, "பிள்ளையை விட்டீர்களா?" என்று அவர் கேட்டபோதுதான் நினைவு வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் குழந்தை மயங்கிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றித் தெளிவித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த எட் கேட்மல் 2014இல் எழுதிய தமது நூலில் இதை மறைக்காமல் பதிந்திருக்கிறார்.

நான் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அந்த நிறுவனத்தின் கணக்கில் ஆயிரக்கணக்கான வரிகள் இருந்திருக்கும். எந்தத் துண்டு எந்த மேசையில் என்பது ஒரு நொடியில் தெரிந்திருக்கும். குழந்தை எங்கே என்பதற்கு அதில் வரி இல்லை. படவேலைக் கணக்கு எவ்வளவு சிறந்தது ஆனாலும் படத்தைத்தான் எண்ணும். படம் செய்கிற மனிதரை எண்ணாது. அந்த எண்ணிக்கை வீட்டாரின் பொறுப்பு.

ஆகவே தாய்மாரே, மகளின் கொப்பியில் இன்னும் இரண்டு நிரைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, வேலைக்கு உட்கார்ந்த நேரமும் எழுந்த நேரமும். ஒரு மாதம் எழுதிக் கூட்டிப் பார்த்தால், ஒரு மணித்தியாலத்துக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது வெளிச்சமாகும். சில வேலைகளை விட்டுவிடலாம் என்று அப்போது அவளுக்கே தோன்றும். மற்றது, தடை. பரீட்சை, காய்ச்சல், வீட்டில் கலியாணம், மின்வெட்டு எல்லாம் அதில் வரட்டும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அதை லண்டனில் இருப்பவர் எப்படி அறிவார்? முதல் நாளே எழுதி அறிவித்தால் அது காரணம். கெடு தாண்டிய பின் சொன்னால் அது சாட்டு.

கணக்கு எழுதுவது நம் பெண்களுக்குப் புதிதல்ல. சீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் கலியாண வீட்டு வரவு செலவும் எத்தனையோ வீடுகளில் உம்மாமார் கையில்தான் இருக்கின்றன. யார் எவ்வளவு தந்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பத்து வருடம் கழித்தும் சொல்வீர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் மகளுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். கொம்பியூட்டர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். நிரை கீறுங்கள். முதல் பக்கத்தில் பேசிய கூலியையும், எத்தனை திருத்தம் அடக்கம் என்பதையும், வேலை முடிக்கும் நாளையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வேலை வரும்போது கொம்பியூட்டரைத் திறக்குமுன் அந்தக் கொப்பியைத் திறக்கட்டும்.